பாரம் சரிந்தால் பொறுப்பு யாருக்கு?

லாரியிலிருந்து சரக்கு சரிந்து விழுந்தால் எல்லார் விரலும் முதலில் ஓட்டுநரைத்தான் காட்டும். வண்டி அவர் கையில் இருந்தது, ஆகவே தப்பும் அவருடையது என்று சூப்பர்வைசர், வாடிக்கையாளர், பின்னால் வந்த கார்க்காரர் என்று ஆளுக்கு ஆள் முடிவுகட்டிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிங்கப்பூரின் துவாஸிலோ ஜூரோங்கிலோ ஏதோ ஒரு கிடங்கின் ஏற்றுமேடையில், வண்டி நகரும் முன்பே தப்பு நடந்து முடிந்திருக்கும் விபத்துகளும் குறைவில்லை. பொறுப்பைப் பிரிக்க வேண்டுமென்றால் பாரம் ஏன் சரிந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சட்டம் அதற்குப் பிறகு.

"இரண்டு டன் சாமான், தானா எங்கே நகரப் போகுது?" என்ற பேச்சை ஏற்றுமேடைகளில் அடிக்கடி கேட்கலாம். எடை கூடினால் தளத்தோடு உள்ள உராய்வு கூடுவது உண்மை. பிரேக் அடிக்கும்போது முன்னே தள்ளும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே கனம் என்பதால் மட்டும் எந்தச் சாமானும் பத்திரமாகிவிடாது. கட்டும் கணக்குக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு இது: முன்பக்கம் பாரத்தின் எடையில் 80 விழுக்காடு, இரு பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 விழுக்காடு. 2,000 கிலோ இயந்திரம் என்றால் முன்னே 1,600 கிலோ அளவுக்குத் தள்ளுவதைத் தாங்கியாக வேண்டும்.

இனி பெல்ட். 50 மில்லிமீட்டர் அகல ரேட்செட் பெல்ட்டின் (பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கிக் கட்டும் பட்டை) நீல லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். எல்சி என்பது பெல்ட் நேர்இழுப்பில் தாங்கும் அளவு, பெரும்பாலும் 2,500 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,500 கிலோ. எஸ்டிஎஃப் என்பது ரேட்செட்டைக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் உண்டாகும் இறுக்கம். சாதாரணக் கைப்பிடியில் அது 350 அளவில்தான் இருக்கும். பாரத்தின் மேலே போட்டு இறுக்கும் கட்டில் உங்களுக்கு உதவுவது இந்த 350தான், 2,500 அல்ல. இதைக் கவனிக்காமல் "ரெண்டரை டன் பெல்ட் ரெண்டு போட்டிருக்கேன், அஞ்சு டன் தாங்கும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் பலர்.

சரியான கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2,000 கிலோ மரப்பெட்டி, லாரியின் தளத்தோடு உராய்வு 0.3 (அதாவது எடையில் 30 விழுக்காடு) என்று வைத்துக்கொள்வோம். தேவை 1,600. உராய்வு மட்டும் 600 தருகிறது. மீதி 1,000. மேலே செங்குத்தாகப் போடும் ஒவ்வொரு பெல்ட்டும் இரு பக்கமும் சேர்த்து 700 கிலோ கீழே அழுத்துகிறது. அதில் உராய்வாகக் கிடைப்பது 210. ஆக ஐந்து பெல்ட் வேண்டும். இதுவும் கையிருப்பு இல்லாத கணக்கு. ரேட்செட் இல்லாத பக்கத்தில் இறுக்கம் குறைந்தே போய்ச் சேரும் என்பதால் ஒன்று கூடப் போடுவதே நல்லது. அதே பெட்டிக்கு அடியில் உராய்வு 0.6 தரும் ரப்பர் விரிப்பு போட்டால் தேவைப்படுவது இன்னும் 400 மட்டுமே. ஒரு பெல்ட் 420 தரும். கணக்கு ஒன்று போதும் என்று சொன்னாலும் இரண்டுக்குக் கீழே போகக் கூடாது. எண்ணெய் படிந்த இரும்புக் கம்பிக்கட்டை இரும்புத் தளத்தின் மேல் நேரடியாக வைத்தால் உராய்வு 0.2 கூட வராது. அப்படி வந்தாலும் அதே எடைக்கு ஒன்பது பெல்ட் வேண்டும். யாரும் ஒன்பது போடப்போவதில்லை. ஆகவே கம்பிக்குப் பெல்ட் துணைதான். கம்பியின் முனை ஹெட்போர்டில், அதாவது தளத்தின் முன்முனையில் உள்ள தடுப்புப் பலகையில், முட்டி நிற்க வேண்டும், அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும். கம்பிக்கும் ஹெட்போர்டுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி விட்டால், பிரேக்கில் கம்பி அந்தத் தூரத்தை ஓடி வேகம் பிடித்துக்கொண்டு வந்து இடிக்கும். அந்தப் பலகைக்குப் பின்னால்தான் ஓட்டுநரின் முதுகு இருக்கிறது.

பெல்ட்டின் கோணமும் கணக்கில் சேரும். தாழ்வான சாமானின் மேல் பெல்ட் தளத்தோடு 30 பாகையில் படுத்துக் கிடந்தால் கீழே அழுத்தும் விசை பாதியாகிவிடும். அப்போது மேலே போடுவதை விட்டுவிட்டு, சாமானின் கொக்கிகளிலிருந்து தளத்தின் நான்கு மூலைகளுக்கும் நேராக இழுத்துக் கட்ட வேண்டும். அங்கேதான் எல்சி எண்ணுக்கு வேலை.

பெல்ட்டைத் தூக்கி எறிய வேண்டிய நேரத்தையும் சொல்லிவிடுவோம். லேபிள் கிழிந்து போயிருந்தால், ஓரத்தில் வெட்டு இருந்தால், முடிச்சுப் போட்டிருந்தால், வெயிலில் வெளுத்து நார் நாராக ஆகியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ரேட்செட் தண்டில் ஒன்றரைச் சுற்றுக்குக் குறையாமலும் மூன்று சுற்றுக்கு மிகாமலும் பெல்ட் இருக்க வேண்டும். குறைந்தால் நழுவும், கூடினால் பூட்டாது. கைப்பிடியில் பைப்பைச் சொருகி நெம்புவது ரேட்செட்டைக் கெடுக்கும் குறுக்குவழி. கூர்மையான ஓரம் உள்ள எதற்கும் மூலைத் தாங்கி வையுங்கள். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் போனதும் சரக்கு அமர்ந்துவிடும், பெல்ட் தளரும். விரைவுச்சாலையில் ஏறும் முன் ஒருமுறை நிறுத்தி இறுக்குவது ஐந்து நிமிட வேலை. ஆனால் டெலிவரி நேரத்தை நெருக்கமாக வைக்கும் கம்பெனி அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதில்லை. வழக்கு வரும்போது அந்த நேர அட்டவணையும் சாட்சியாக வரும் என்பதைப் பல முதலாளிகள் எண்ணிப் பார்ப்பதில்லை.

பூட்டிய பெட்டி

கன்டெய்னர் வேறு கதை. டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுநருக்குக் கிடைப்பது சீல் வைத்த பெட்டி. உள்ளே எப்படி அடுக்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது, திறந்து பார்க்கவும் அனுமதி இல்லை. அவர் சரிபார்க்கக் கூடியவை சில: டிரெய்லரோடு பெட்டியைப் பிணைக்கும் நான்கு மூலை ட்விஸ்ட் லாக்கும் பூட்டியிருக்கின்றனவா, கதவு புடைத்திருக்கிறதா, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து டயர்கள் ஒரு பக்கம் அமுங்கியிருக்கின்றனவா, காகிதத்தில் உள்ள எடைக்கும் வண்டி இழுக்கும் விதத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா. இவற்றைப் பார்க்காமல் போனால் அது அவர் தவறு. உள்ளே எந்திரத்தை மரக்கட்டை அடிக்காமல் நிறுத்தியிருந்தால் அது பெட்டியை நிரப்பியவரின் தவறு.

ஏற்றுமதிக்காகத் துறைமுகத்துக்குப் போகும் பெட்டி என்றால் இன்னொரு பிடி உண்டு. 2016 ஜூலை 1 முதல் சோலாஸ் என்னும் கடல் பயணப் பாதுகாப்பு ஒப்பந்த விதிப்படி, கப்பலில் ஏறும் ஒவ்வொரு நிரம்பிய கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையையும் அனுப்புநர்தான் அறிவிக்க வேண்டும். எடை தவறாக இருந்தால் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது காகிதத்திலேயே இருக்கும். உள்ளே அடுக்குவதற்கு அனைத்துலகக் கடல்துறை அமைப்பு (ஐஎம்ஓ), அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ), ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. பெட்டியின் நீளத்தில் ஒரு பாதிக்குள் 60 விழுக்காட்டுக்கு மேல் எடை குவியக் கூடாது என்பது இத்தொழிலில் எல்லாரும் பிடிக்கும் அளவு. இவற்றைப் பின்பற்றாத அனுப்புநர், "லாரிக்காரன் வேகமாகத் திரும்பினான்" என்று மட்டும் சொல்லித் தப்புவது கடினம்.

வேகமும் சேர்ந்தே வரும் என்பதால் அதையும் பார்ப்போம். 40 மீட்டர் ஆரம் கொண்ட வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால், பாரத்தின் எடையில் ஏறக்குறைய 31 விழுக்காடு பக்கவாட்டில் தள்ளும். 50 கிலோமீட்டரில் அது 49 விழுக்காடு. உயரமாகப் பாரம் ஏற்றிய டிரெய்லர் 30 முதல் 40 விழுக்காட்டுக்குள்ளேயே கவிழத் தொடங்கலாம். பிஐஇ, ஏஒய்இ போன்ற விரைவுச்சாலைகளின் சுற்றிறங்கு பாதையில் பத்து கிலோமீட்டர் வேக வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இதில் தெரிகிறது. உள்ளே சரக்கு ஒரு சாண் நகர்ந்தாலும் எடை மையம் ஓரத்துக்குப் போய், 40இலேயே கவிழும் வண்டியாக மாறிவிடும். நீதிமன்றத்தில் இரு தரப்பு நிபுணர்களும் மோதிக்கொள்வது இந்த இடத்தில்தான்: வேகம் கவிழ்த்ததா, சரிந்த சரக்கு கவிழ்த்ததா? பெரும்பாலும் பதில் இரண்டுக்கும் பங்கு என்று முடியும். விழுக்காட்டில்தான் சண்டை.

உயரம், உருளை, பலகை

லோபெட்டில் (தாழ்தள டிரெய்லரில்) எக்ஸ்கவேட்டர் ஏற்றினால் வாளியைத் தளத்தில் அழுத்தி இறக்கி, சுழல் பூட்டைப் போட்டு, நான்கு பக்கமும் செயினால் கட்ட வேண்டும். அதன்பிறகு உயரத்தை அளக்க வேண்டும். அளவு நாடா இல்லாமல் கண்ணால் மதிப்பிடுவது இங்கே வேலைக்கு ஆகாது. சிங்கப்பூர்ச் சாலைகளில் சரக்கோடு சேர்த்து 4.5 மீட்டருக்கு மேல் போனால் போலிஸ் துணையோடுதான் போக வேண்டும். மேம்பாலத்தில் இடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. ஓட்டுநருக்கும் பொறுப்பு உண்டு, அனுப்பிய கம்பெனிக்கும் உண்டு. லாரி கிரேனின் கையை மடக்காமல் புறப்படுவதும் இதே வகைதான்.

பைப், டிரம் போன்ற உருளைப் பொருள்களுக்கு அடிவரிசையில் ஆப்பு வேண்டும். மேலே உள்ள வரிசை அடிவரிசையைப் பிளந்து தள்ளும் என்பதால் பக்கக் கம்பங்கள் மேல் வரிசையைவிட உயரமாக இருக்க வேண்டும்.

நிறுத்திவைத்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட் (முன்வார்ப்பு கான்கிரீட்) பலகையில் ஆபத்து ஓட்டும்போது மட்டும் இல்லை, அவிழ்க்கும்போதும் இருக்கிறது. வழியில் சற்று நகர்ந்த பலகை பெல்ட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். பெல்ட்டைத் தளர்த்திய நொடியில் விழும். ஏ வடிவச் சட்டத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறு பக்க எடையில் சட்டமே கவிழும். ஆகவே கிரேன் கொக்கி பலகையைப் பிடித்து இறுகும்வரை பெல்ட்டில் கை வைக்கக் கூடாது, பலகை விழக்கூடிய பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது. கன்டெய்னர் கதவும் அப்படித்தான்: ஒரு கதவை ஒரு கை அளவு மட்டும் திறந்து, எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்.

தொழிலாளர்கள் பின்தளத்தில் ஏறும் லாரியில் சாரக்கட்டுக் குழாயும் சிமெண்ட் மூட்டையும் சேர்த்து ஏற்றுவது தனிக் கொடுமை. சாதாரண பிரேக்கிலேயே குழாய் கால்களை நசுக்கும். 2023 முதல் அத்தகைய லாரிக்கு 'வெஹிகிள் பட்டி' (பயணத்தின்போது பாதுகாப்பைக் கவனிக்கும் தொழிலாளி) ஒருவரை நியமிக்க வேண்டும், வேறு வேலையும் செய்யும் ஓட்டுநருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற விதிகள் வந்துவிட்டன. பொருளுக்கு வேறு வண்டி அனுப்பச் சொல்லும் உரிமை அந்தப் பட்டிக்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பெயரளவுப் பதவிதான்.

பொறுப்பு எப்படிப் பிரிகிறது

சிங்கப்பூர்ச் சட்டத்தில் இதற்கு ஒரே வாய்பாடு இல்லை. அடிப்படை இதுதான்: யார் கட்டுப்பாட்டில் இருந்தது, யார் பார்த்திருக்க முடியும், யார் தடுத்திருக்க வேண்டும். ஓட்டுநர் வேலை நேரத்தில் செய்த கவனக்குறைவுக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தவறாக ஏற்றினால் கிடங்கின் முதலாளி. கட்டுமானத் தளத்தில் மெயின் கான்ட்ராக்டருக்கும் இடத்தை நடத்துபவருக்கும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் தனிக் கடமை உண்டு. அந்தச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கே கம்பெனிக்கு 500,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். தனிநபருக்கு 200,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி அதிகாரியும் தனிப்பட்ட முறையில் மாட்டலாம். சாலையில் உயிர் போனால் ஓட்டுநர்மேல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பாயும். ஏற்றியவரின் கவனக்குறைவு மரணத்துக்குக் காரணம் என்றால் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவும் அவரைத் தொடலாம்.

காயம்பட்டவர் பல பேரில் ஒருவர்மேல் மட்டும் வழக்குத் தொடுத்தாலும் போதும். அந்தத் தரப்பு மற்றவர்களிடம் பங்கு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "சரக்கு சேதத்துக்கும் காயத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று டெலிவரி ஆர்டரின் பின்பக்கத்தில் சிறு எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கவனக்குறைவால் வரும் மரணம், காயம் ஆகியவற்றுக்கான பொறுப்பை அப்படி எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. சரக்குச் சேதத்தில்தான் அந்த வரிகளுக்கு ஓரளவு பலம். மோட்டார் பாலிசி லாரியில் உள்ள சரக்கை ஈடுகட்டாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

விரைவுச்சாலையில் விபத்து நடந்தால் மீட்பு வண்டி விரைவிலேயே வந்துவிடும். பாதையைத் திறப்பது அவர்கள் வேலை. சிதறிய சரக்கும் அறுந்த பெல்ட்டும் சாலையோரத்துக்குப் போகும், பிறகு குப்பைக்குப் போகும். வழக்கின் பாதி ஆதாரம் அங்கே முடிந்துவிடுகிறது. ஆட்களைப் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு 995 அழைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நின்றபடி எடுக்க வேண்டிய படங்கள் இவை: பெல்ட்டின் அறுந்த முனை (வெட்டுப்பட்டதா, நார் பிய்ந்ததா என்பது தெரிய வேண்டும்), லேபிள், ரேட்செட் பூட்டிய நிலை, தளத்தில் இழுபட்ட கீறல், ட்விஸ்ட் லாக் நான்கும், கன்டெய்னர் எண், சீல் எண், சரக்கின் மேல் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டு. அறுந்த பெல்ட்டையே பையில் போட்டு எடுத்து வைப்பது நூறு படத்துக்குச் சமம். கேபின் கேமராவின் பதிவு சில நாளில் அழிந்து அதன்மேல் புதியது பதிவாகும், அன்றே நகல் எடுங்கள். ஏற்றிய இடத்தின் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் "சீக்கிரம் கிளம்பு" என்று வந்த செய்தியையும் அழிக்காதீர்கள்.

காயம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலிஸ் புகார் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். புகாரில் "பெல்ட் சரியாகக் கட்டவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். யார் ஏற்றினார், யார் கட்டினார், நீங்கள் எதைச் சரிபார்த்தீர்கள், எதைப் பார்க்க உங்களை விடவில்லை என்று பிரித்து எழுதுங்கள். புறப்படும் முன்பே ஏற்றிய விதம் சரியில்லை என்று தெரிந்தால் ஒரு படத்தோடு சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, டெலிவரி ஆர்டரில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதோடு வண்டியையும் எடுக்காதீர்கள். எழுதி வைத்துவிட்டு ஓட்டினால், ஆபத்து தெரிந்தும் ஓட்டினார் என்று அதே வரி உங்களுக்கு எதிராகவும் திரும்பும்.

காயம்பட்ட தொழிலாளிக்கு

வேலையில் அடிபட்ட ஓட்டுநரும் உதவியாளரும் விக்கா என்று நாம் சொல்லும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரலாம். அங்கே யார் தப்பு என்ற கேள்வியே வராது. நீங்களே சரியாகக் கட்டாமல் விட்டு அடிபட்டாலும் கோரலாம். போதை, சண்டை, வேண்டுமென்றே செய்துகொண்ட காயம் ஆகியவை விதிவிலக்கு. எம்சியோ (மருத்துவ விடுப்புச் சீட்டோ) இலகு வேலையோ கொடுக்கப்பட்டால் முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். எம்சி நாட்களின் சம்பளம், மருத்துவச் செலவு, நிரந்தரப் பாதிப்புக்கான தொகை எல்லாம் இதில் அடங்கும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவின் உச்சம் 53,000 வெள்ளி, முழு நிரந்தரப் பாதிப்புக்கு உச்சம் 346,000 வெள்ளி. கோருவதற்கு ஓராண்டு கெடு. நீதிமன்றம் போவதானால் மூன்றாண்டு. ஆனால் அங்கே எதிர்த்தரப்பின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும், உங்கள் பங்குத் தவறுக்குக் கழிவும் உண்டு. ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. பெரிய காயமாக இருந்து, வேறொரு கம்பெனியின் தவறு பளிச்சென்று தெரிந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாதாரண முறிவுக்கு விக்காவே வேகமானது. சொந்த வண்டி வைத்து சுயமாகத் தொழில் செய்பவருக்கு விக்கா இல்லை. அவர் தனிக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அடிக்கடி கேட்கும் குறை: சரக்கு உடைந்ததற்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பது. வேலை நியமனச் சட்டப்படி, ஒப்படைத்த பொருளுக்குத் தொழிலாளியின் கவனக்குறைவால் சேதம் வந்தால் பிடிக்கலாம். ஆனால் முதலில் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், பிடிப்பது ஒரே முறைதான், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துப் பிடிக்கச் சம்மதம் என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். சம்பளச் சீட்டின் நகலோடு மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போய்க் காட்டுங்கள்.